பழைய டிஃபால்ட் அழியும்வரை காத்திருக்கலாமா? பிரிட்டனில் வீடு வாங்க நினைப்பவர்களின் கேள்விகள்

2014இல் என் பெயரில் இரண்டு டிஃபால்ட் விழுந்தன, அதாவது கடன் கட்டத் தவறியவன் என்ற குறிப்பு என் கடன் வரலாற்றுப் பதிவான கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறியது. ஒன்று கிரெடிட் கார்ட், 1,900 பவுண்ட். மற்றது நான் மறந்தே போயிருந்த ஒரு போன் கணக்கு, 64 பவுண்ட். வேலை போய் ஐந்து மாதம் கையில் காசில்லாமல் இருந்த காலம் அது. அதன்பிறகு மோர்ட்கேஜ் என்ற வீட்டுக் கடன் கிடைக்க ஏழு வருடம் ஆனது. அதில் ஒரு வருடம், விஷயம் தெரியாததால் வீணாகப் போன வருடம். அந்த வருடத்தை இன்னொருவர் இழக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வீடு வாங்கிய பிறகு தெரிந்தவர்கள் தங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர்கள் கேட்ட கேள்விகள்தான் கீழே இருப்பவை. நான் மோர்ட்கேஜ் ஆலோசகர் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டவன். சட்டம் பற்றிச் சொல்வது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்து வேறுபடும் இடத்தில் அதையும் சொல்கிறேன்.

டிஃபால்ட் என்றால் சரியாக என்ன? ஒரு தவணை தவறினாலே விழுந்துவிடுமா?

இல்லை. ஒரு மாதம் தவறினால் ரிப்போர்ட்டில் அந்த மாதத்துக்கு ‘1’ விழும். அடுத்த மாதமும் கட்டாவிட்டால் ‘2’. இப்படியே போய், ஒப்பந்தப்படி இனி இவரிடமிருந்து காசு வராது என்று கடன் கொடுத்தவர் முடிவுகட்டும் இடம்தான் டிஃபால்ட். பொதுவாக மூன்று மாத நிலுவைக்கும் ஆறு மாத நிலுவைக்கும் இடையில் இதைப் பதிவார்கள்.

பதியும் முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும். 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் வரும் கார்ட், லோன் என்றால் டிஃபால்ட் நோட்டீஸ் அனுப்பி, சரிசெய்யக் குறைந்தது 14 நாள் தர வேண்டும். நோட்டீஸில் கேட்டிருக்கும் நிலுவையை அந்த நாட்களுக்குள் கட்டிவிட்டால் டிஃபால்ட் விழாது. அப்படி ஒரு கடிதம் இப்போது உங்கள் கையில் இருந்தால் இதை வாசிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள். அந்த 14 நாளின் பெறுமதி ஆறு வருடம்.

எத்தனை வருடம் இருக்கும்? எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

ஆறு வருடம், டிஃபால்ட் பதிந்த தேதியிலிருந்து. கடன் எடுத்த தேதியையோ கடைசியாகக் காசு கட்டிய தேதியையோ இதற்குப் பார்க்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மாதவாரியாகச் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். பச்சை, பச்சை, பச்சை என்று வந்துகொண்டிருக்கும். பிறகு 1, 2, 3, 4. அப்புறம் ஒரு சிவப்பு ‘டி’, சில ரிப்போர்ட்டில் ‘8’. அதே கணக்கின் விவரங்களில் ‘டிஃபால்ட் தேதி’ என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வரியில் 2020 மார்ச் 14 என்று இருந்தால் 2026 மார்ச் 14இல் ஆறு வருடம் முடிகிறது. அதோடு அந்த ‘டி’ மட்டுமில்லை, அதற்கு முன்னால் இருந்த 1, 2, 3 எல்லாம் சேர்த்து அந்தக் கணக்கே ரிப்போர்ட்டிலிருந்து போய்விடும். காசு இன்னும் பாக்கி இருந்தாலும் போகும்.

நீங்கள் விண்ணப்பிக்கத் தேவையில்லை. தானாகவே போகும்.

இப்போது கட்டினால் ஆறு வருடம் திரும்ப முதலிலிருந்து தொடங்குமா?

தொடங்காது. நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான், அதிகம் பேரைக் கெடுத்த வதந்தியும் இதுதான். ‘தொடாதே, தொட்டால் புதுசாகிவிடும்’ என்று யாரோ சொன்னதை நம்பி, கட்டக்கூடிய சின்னக் கடனைக்கூட வருடக்கணக்கில் கட்டாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள்.

கட்டினால் டிஃபால்ட் தேதி மாறாது. முழுவதும் கட்டி முடித்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்று குறிப்பு மாறும், தேதி அப்படியே இருக்கும். கழிவு பேசிக் குறைத்துக் கட்டினால் ‘பகுதியாகத் தீர்க்கப்பட்டது’ என்று வரும். ஆறு வருடத்துக்கு முன்பே மோர்ட்கேஜ் கேட்கப்போகிறீர்கள் என்றால் முழுவதும் கட்டியதற்கு மதிப்பு கூட.

இந்த வதந்தி பிறந்த இடம் வேறு ஒரு காலக் கணக்கு. அடுத்த பதிலைப் பாருங்கள்.

அப்படியென்றால் கட்டாமலே ஆறு வருடம் ஓட்டிவிடலாமே?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு காலக் கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. இரண்டும் ஆறு வருடம் என்பதால் எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒன்று, கிரெடிட் ரிப்போர்ட்டில் டிஃபால்ட் இருக்கும் ஆறு வருடம். அது எதற்கும் நிற்காது, எதற்கும் திரும்பத் தொடங்காது.

மற்றது, 1980ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய ஆறு வருடம். இதுதான் திரும்பத் தொடங்கக்கூடியது. இடையில் ஒரு பவுண்ட் கட்டினாலும், ‘ஆம், இது என் கடன்தான்’ என்று எழுத்தில் ஒப்புக்கொண்டாலும் அன்றிலிருந்து புதிதாக எண்ணுவார்கள். கிரெடிட் கார்ட் போன்றவற்றில் இந்தக் கணக்கு டிஃபால்ட் நோட்டீஸின் கெடு முடிந்ததும் தொடங்குகிறது என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம். அது முடிந்தால் அங்கே கடனே இல்லாமல் போகிறது. இங்கிலாந்தில் அப்படி இல்லை, வழக்குப் போட முடியாது என்பது மட்டும்தான்.

இப்போது ஆபத்தைப் பாருங்கள். கட்டாமல் ஒளிந்திருந்து ஐந்தாவது வருடம் ஆகிறது. உங்கள் கடனை வங்கியிடமிருந்து விலைக்கு வாங்கிய நிறுவனத்துக்கும் அந்தத் தேதி தெரியும். காலம் முடிவதற்குள் கவுன்டி கோர்ட்டில் வழக்குப் போடுகிறார்கள். கடிதம் உங்கள் பழைய முகவரிக்குப் போகிறது. நீங்கள் பதில் போடாததால் தீர்ப்பு உங்களுக்கு எதிராக வருகிறது. இந்தக் கவுன்டி கோர்ட் தீர்ப்பைத்தான் சி.சி.ஜே. என்கிறார்கள். தீர்ப்பு வந்த நாளிலிருந்து அதற்கு ஒரு புது ஆறு வருடம். டிஃபால்ட் 2026இல் அழிந்திருக்கும், சி.சி.ஜே. 2031 வரை நிற்கும்.

அதனால் கட்டக்கூடிய கடனைக் கட்டுங்கள் என்பதுதான் என் கருத்து. எடுத்த காசு என்பதும் ஒரு காரணம், வழக்கு வரும் வாசலை அடைத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம். முழுவதும் கட்ட வசதியில்லை என்றால் நேஷனல் டெப்ட்லைன், ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய மூன்று ஆலோசனை அமைப்புகளும் இலவசமாக வழி சொல்வார்கள். காலவரையறை முடியும் தறுவாயில் இருக்கும் கடன் என்றால், காசு கட்டுவதற்கோ கடிதம் எழுதுவதற்கோ முன்னால் இவர்களில் ஒருவரிடம் கட்டாயம் கதையுங்கள்.

நான் மாதம் 5 பவுண்ட் ஒழுங்காகக் கட்டி வருகிறேன். டிஃபால்ட் இல்லை. எனக்குப் பிரச்சினை இல்லைதானே?

நான் விழுந்த குழி இதுதான்.

2014இல் அந்த இரண்டோடு மூன்றாவதாக ஒரு ஓவர்டிராஃப்டும் இருந்தது, 1,200 பவுண்ட். வங்கியோடு கதைத்து மாதம் 5 பவுண்ட் கட்ட ஒத்துக்கொண்டேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. என் மூன்று கடன்களிலும் இதுதான் ஒழுங்கான கடன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2020இல் மற்ற இரண்டும் அழிந்தன. சந்தோஷமாக, மோர்ட்கேஜ் தேடித் தரும் புரோக்கரிடம் போனேன். அவர் ரிப்போர்ட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தி, ஒரு வரியில் பேனாவை வைத்தார். ஆறு வருடமும் கட்டத்துக்குக் கட்டம் ‘ஏ.பி.’, ‘ஏ.பி.’ என்று நிறைந்திருந்தது. கட்டண ஏற்பாடு என்பதன் சுருக்கம் அது. கடைசிக் கட்டம் போன மாதத்தினுடையது. மோர்ட்கேஜ் கொடுப்பவருக்கு அது போன மாதமும் ஒப்பந்தப்படி கட்டாத ஆள் என்றுதான் தெரியும்.

டிஃபால்ட் பதிந்த கணக்கு ஆறு வருடத்தில் அழியும். டிஃபால்ட் பதியாத கணக்கு திறந்திருக்கும்வரை நிற்கும். கட்டி முடித்து மூடிய பிறகும் இன்னும் ஆறு வருடம் நிற்கும். மாதம் 5 பவுண்ட் வீதம் 1,200 பவுண்டை முடிக்க 20 வருடம் ஆகும். ஒழுங்காகக் கட்டியவன் கட்டாதவனைவிட மோசமான நிலையில் மாட்டிக்கொள்கிறான்.

நியாயமில்லாத இந்த நிலைக்கு வழி இருக்கிறது. கடன் பதிவுக்கான நடைமுறைக் கொள்கைகளின்படி, நிலுவை ஆறு மாதத்தைத் தொடும்போது பொதுவாக டிஃபால்ட் பதிந்திருக்க வேண்டும். பேருக்கு ஒரு தொகையைக் கட்டிக்கொண்டிருந்தவரின் கணக்கைப் பதியாமல் இழுத்தடிப்பது அவருக்கு அநியாயம் என்று வாதாடலாம். ‘2014இலேயே டிஃபால்ட் பதிந்திருக்க வேண்டும், அந்தத் தேதியிட்டுப் பதியுங்கள்’ என்று வங்கிக்கு முறைப்பாடு எழுதினேன். முதலில் மறுத்தார்கள். நான் நிலுவைக் கணக்கை மாதவாரியாக எழுதி மறுபடி அனுப்பினேன். நான்கு மாதத்தின் பின் ஒத்துக்கொண்டார்கள். பின்தேதியிட்ட டிஃபால்ட் விழுந்தது, ஆறு வருடம் ஏற்கெனவே கடந்திருந்ததால் கணக்கே அழிந்தது. பாக்கி இருந்த 840 பவுண்டையும் சேமிப்பிலிருந்து கட்டி முடித்தேன்.

டிஃபால்ட் போடச் சொல்லிக் கேட்பது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் நீண்ட காலமாகக் குறைந்த தொகை கட்டி வருபவர்கள் இன்றே ரிப்போர்ட்டை எடுத்து, ‘டி’ இருக்கிறதா ‘ஏ.பி.’ இருக்கிறதா என்று பாருங்கள்.

என் கடனை வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள். அவர்கள் புதுத் தேதி போடலாமா?

போடக்கூடாது. பழைய தேதிதான் தொடர வேண்டும். பெயர் மட்டும் மாறும். புதுத் தேதி போட்டிருந்தால் அது பிழை, திருத்தச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை எங்கே பார்ப்பது? ஒன்று பார்த்தால் போதாதா?

போதாது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று மூன்று நிறுவனங்கள் இருக்கின்றன. கடன் கொடுப்பவர்கள் எல்லோரும் மூன்றுக்கும் தகவல் கொடுப்பதில்லை. ஒன்றில் இல்லாத டிஃபால்ட் இன்னொன்றில் இருக்கும். மோர்ட்கேஜ் கொடுப்பவர் எதைப் பார்ப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. சட்டப்படியான ரிப்போர்ட்டை மூன்றிடமும் இலவசமாகக் கேட்டு வாங்கலாம். கிளியர்ஸ்கோர் செயலியில் வருவது ஈக்விஃபாக்ஸ் தகவல், கிரெடிட் கர்மாவில் வருவது டிரான்ஸ்யூனியன் தகவல். நீங்களே பார்ப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

பெரிய எழுத்தில் காட்டும் ஸ்கோரைப் பார்த்து மயங்கவோ பயப்படவோ வேண்டாம். வங்கி அந்த எண்ணைப் பார்ப்பதில்லை, கீழே இருக்கும் விவரங்களை எடுத்துத் தன் கணக்கைத் தானே போடுகிறது.

எனக்குத் தெரியாமலே ஒரு டிஃபால்ட் விழுந்திருக்கிறது. என்ன செய்வது?

நம்மவர்களிடம் இது நிறைய. அறை எடுத்து இருந்த வீட்டிலிருந்து மாறுவோம், போன் கம்பனிக்கு முகவரி மாற்றம் சொல்ல மாட்டோம், கடைசிப் பில் பழைய வீட்டுக்குப் போகும். என் 64 பவுண்ட் கதையும் அதுதான்.

முதலில் கணக்கு உங்களுடையதுதானா, தொகை சரியா, தேதி சரியா என்று பாருங்கள். பிழை என்றால் கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள், கூடவே அந்த ரிப்போர்ட் நிறுவனத்திலும் பதியுங்கள். நிறுவனம் 28 நாளில் பதில் சொல்லும். கடன் கொடுத்தவருக்கு முறைப்பாட்டில் எட்டு வாரம் அவகாசம். அதற்குள் தீர்க்கவில்லை என்றாலோ மறுத்தாலோ நிதி நிறுவனங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், அதுவும் இலவசம். இறுதிப் பதில் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும்.

பிழை இல்லை, நியாயமாக விழுந்ததுதான் என்றால் பொய்க் காரணம் சொல்லிப் போராடாதீர்கள். நோய், வேலையிழப்பு போன்ற காரணம் இருந்தால் 200 சொல்லுக்குள் ஒரு விளக்கக் குறிப்பை ரிப்போர்ட்டில் சேர்க்கச் சொல்லலாம். மனிதர் உட்கார்ந்து வாசிக்கும் சின்னக் கட்டடச் சங்கங்களில் (வீட்டுக் கடன் கொடுக்கும் பில்டிங் சொசைட்டிகள்) அது உதவும்.

சி.சி.ஜே.யும் ஆறு வருடத்தில் போகுமா?

போகும், தீர்ப்புத் தேதியிலிருந்து. தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் முழுவதும் கட்டிவிட்டால் பதிவே நீக்கப்படும். ஒரு மாதம் கடந்தால் ‘தீர்க்கப்பட்டது’ என்ற குறிப்போடு மிச்சக் காலமும் இருக்கும். கடிதமே கிடைக்காமல் தீர்ப்பாகியிருந்தால் நீதிமன்றத்தின் N244 படிவத்தில் ரத்துச் செய்யக் கேட்கலாம். தெரிந்தவுடன் தாமதிக்காமல் செய்ய வேண்டும், எதிர்த்து வாதாட உண்மையான காரணமும் வேண்டும். திவால், ஐ.வி.ஏ. (கடன் கொடுத்தவர்களோடு சட்டப்படி செய்யும் உடன்படிக்கை) ஆகியவையும் தொடங்கிய நாளிலிருந்து பொதுவாக ஆறு வருடம்தான்.

இன்னும் 14 மாதம் இருக்கிறது. காத்திருப்பதா, இப்போதே போடுவதா?

டிஃபால்ட் இருந்தாலும் மோர்ட்கேஜ் கொடுக்கும் இடங்கள் இருக்கின்றன. கெட்ட கிரெடிட் உள்ளவர்களுக்கென்றே இயங்கும் நிறுவனங்கள் அவை. பெப்பர் மணி, கென்சிங்டன் போன்ற பெயர்களைப் புரோக்கர்கள் சொல்வார்கள். அவர்கள் பார்ப்பது டிஃபால்ட் எத்தனை, எவ்வளவு பெரியது, எவ்வளவு பழையது, கட்டியாகிவிட்டதா என்பதை. நாலு வருடம் பழைய 64 பவுண்ட் போன் பில்லும் போன வருடத்து 6,000 பவுண்ட் லோனும் ஒன்றில்லை. பொதுவாக டெபாசிட், அதாவது நீங்கள் கையிலிருந்து போடும் முற்பணம், அதிகமாகக் கேட்பார்கள், வட்டியும் அதிகம்.

எவ்வளவு கூட என்பதைக் காசாக எழுதிப் பாருங்கள். உதாரணத்துக்கு 2,50,000 பவுண்ட், 30 வருடம். 5 சதவீத வட்டி என்றால் மாதம் ஏறத்தாழ 1,342 பவுண்ட். 6.5 சதவீதம் என்றால் 1,580. வித்தியாசம் 238. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 5,700 பவுண்டுக்கு மேல், அதோடு கூடுதல் கட்டணங்கள். இந்தப் பக்கம் இதை எழுதுங்கள். மறுபக்கம், 14 மாதம் காத்திருந்தால் வாடகை எவ்வளவு போகும், அதே காலத்தில் டெபாசிட்டுக்கு எவ்வளவு சேரும் என்று எழுதுங்கள்.

என் அபிப்பிராயம் இது. ஒரு வருடம் அல்லது அதற்குள் என்றால் காத்திருங்கள். டெபாசிட் வளரும், கதவுகள் எல்லாம் திறக்கும். மூன்று, நான்கு வருடம் பாக்கி, டெபாசிட் 15, 20 சதவீதம் கையில், வாடகை மோர்ட்கேஜைவிடக் கூட என்றால் இப்போதே நல்ல புரோக்கரிடம் போய், இரண்டு வருட ஒப்பந்தத்தில் எடுத்துவிட்டு, டிஃபால்ட் அழிந்த பிறகு சாதாரண வங்கிக்கு மாற்றுவதை யோசிக்கலாம். இடையில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு பக்கக் கணக்குத்தான் பதில் சொல்லும். வீட்டு விலை ஏறுமோ என்ற பயத்தில் மட்டும் முடிவெடுக்காதீர்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டுக்காரர் எழுப்பப்போகிறார் என்ற நெருக்கடி போன்ற காரணங்கள் உண்மையானவை, அவற்றுக்காக அதிக வட்டி கொடுப்பதில் தவறில்லை.

ஆறு வருடம் முடிந்த மறுநாளே விண்ணப்பிக்கலாமா?

ஒரு மாதம் பொறுங்கள். தகவல் மாத இடைவெளியில் புதுப்பிக்கப்படுவதால் ஒன்றில் அழிந்தது மற்றதில் சில நாள் நிற்கலாம். மூன்று ரிப்போர்ட்டையும் புதிதாக இறக்கி, மூன்றிலும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகு போடுங்கள். முதலில் ‘கொள்கையளவில் சம்மதம்’ (இவ்வளவு கடன் தரலாம் என்ற முதற்கட்டப் பதில்) வாங்கும்போது, அதற்காக ரிப்போர்ட்டைப் பார்ப்பது மற்ற வங்கிகளுக்குத் தெரியாத மென்மையான தேடலா என்று கேளுங்கள். மற்ற வங்கிகளுக்கும் தெரியும் கடுமையான தேடல், நாலு வங்கியில் ஒரே வாரத்தில் விழவிடாதீர்கள்.

‘எப்போதாவது டிஃபால்ட் ஆகியிருக்கிறீர்களா’ என்று படிவத்தில் கேட்டால்?

கேள்வியை எழுத்துக்கு எழுத்து வாசியுங்கள். ‘கடந்த ஆறு வருடத்தில்’ என்று கேட்டால் ஆறு வருடத்துக்கு முந்தியதைச் சொல்லத் தேவையில்லை. ‘எப்போதாவது’ என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும், ரிப்போர்ட்டில் இல்லாவிட்டாலும். மோர்ட்கேஜ் விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது மோசடிக் குற்றம். பிடிபட்டால் சிஃபாஸ் என்ற மோசடித் தடுப்புப் பதிவில் பெயர் ஏறக்கூடும். அதுவும் ஆறு வருடம், டிஃபால்ட்டைவிடப் பல மடங்கு மோசம். எல்லா வங்கியும் இப்படிக் கேட்பதில்லை. எது எப்படிக் கேட்கும் என்று புரோக்கருக்குத் தெரியும், முன்கூட்டியே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்.

நான் கட்டாமல் விட்ட அதே வங்கியில் கேட்கலாமா?

வேண்டாம். ரிப்போர்ட்டில் அழிந்தாலும் அவர்களின் சொந்தப் பதிவில் இருக்கலாம். வேறு பெயரில் இருக்கும் அதே குடும்ப வங்கியையும் தவிருங்கள். ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் லாயிட்ஸ் குடும்பம். ஆர்.பி.எஸ். நாட்வெஸ்ட் குடும்பம். ஃபர்ஸ்ட் டைரக்ட் எச்.எஸ்.பி.சி.யுடையது. வர்ஜின் மணியை 2024இல் நேஷன்வைட் வாங்கிவிட்டது.

மனைவியின் பெயரில் மட்டும் எடுக்கலாமா? அவருக்கு டிஃபால்ட் இல்லை.

அவருடைய சம்பளம் மட்டும் போதுமென்றால் எடுக்கலாம். பொதுவாகச் சம்பளத்தைப் போல நாலரை மடங்கு வரைதான் கொடுப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கல்யாணம் கட்டியதாலோ ஒரே வீட்டில் இருப்பதாலோ இருவர் ரிப்போர்ட்டும் இணையாது. கூட்டுக் கணக்கு, கூட்டு லோன் இருந்தால்தான் இணையும். அப்படி இணைந்திருந்தால் அவருடைய விண்ணப்பத்தில் உங்கள் டிஃபால்ட்டும் தெரிய வரும். பிரிந்துபோன பழைய துணையோடு இணைப்பு இன்னும் இருந்தால், கூட்டுக் கணக்கை மூடிவிட்டு, இணைப்பை நீக்கும்படி மூன்று நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

சொந்தக்காரருக்காக என் பெயரில் கார் எடுத்தேன். அவர் கட்டவில்லை. டிஃபால்ட் என் பெயரில்.

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருக்குக் குரல் கம்மிவிடுகிறது. வந்து இறங்கிய புதிதில் கை கொடுத்தவர் கேட்டால் எப்படி மறுப்பது? ஆனால் சட்டத்தின் கண்ணில் கடன் கையெழுத்துப் போட்டவருடையது. அவர் கட்டுவார் என்று வாயால் சொன்னதை வங்கி கேட்காது. மிச்சத்தை நீங்களே கட்டி முடித்து, அதை அவரிடம் எப்படி வாங்குவது என்பதைப் பிறகு பாருங்கள். உங்களுக்குத் தெரியாமல் அவர் உங்கள் பெயரைப் பயன்படுத்தியிருந்தால் கதை வேறு. அது மோசடி, அப்படியே முறையிடுங்கள்.

காத்திருக்கும் காலத்தில் என்ன செய்ய வேண்டும்?

வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியுங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லை என்பதால் தங்களுக்கு வாக்கு இல்லை என்று நினைப்பவர்கள் நிறைய. இலங்கை, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். இங்கே தங்க விசா இருக்கும் காமன்வெல்த் குடிமக்கள் பதியலாம். முகவரியை உறுதிசெய்ய வங்கிகள் முதலில் பார்ப்பது இதைத்தான். யாரும் வாங்கிப் பார்க்கக்கூடிய திறந்த பட்டியலில் பெயர் வேண்டாம் என்று விலகினாலும் கிரெடிட்டுக்குப் பாதிப்பில்லை.

ஒரு கார்டில் மாதம் 30, 40 பவுண்டுக்குப் பெட்ரோல் அடித்து முழுவதையும் டைரக்ட் டெபிட்டில் கட்டுங்கள். பழைய கணக்கு அழியும்போது புதிய பச்சைக் கட்டங்கள் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாத வெற்று ரிப்போர்ட்டும் வங்கிக்குப் பிடிக்காது.

40 வயதுக்குள் என்றால் லைஃப்டைம் ஐசா என்ற சேமிப்புக் கணக்கைத் திறப்பதை யோசியுங்கள். வருடம் 4,000 பவுண்ட் போட்டால் அரசு 1,000 சேர்க்கும். முதல் காசு போட்டு 12 மாதம் ஆனபின், 4,50,000 பவுண்ட் வரையான முதல் வீட்டுக்கு எடுக்கலாம். வேறு காரணத்துக்கு எடுத்தால் 25 சதவீதம் வெட்டுவார்கள், அதில் உங்கள் சொந்தக் காசும் கொஞ்சம் போகும். இன்னொன்று: ‘முதல் வீடு’ என்றால் உலகத்தில் எங்குமே வீடு இருந்திருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சீதனமாக எழுதிய வீடு மனைவியின் பெயரில் இருந்தால் அவர் முதல் வீடு வாங்குபவர் இல்லை. இதை மறந்து கடைசி நேரத்தில் லோயர் கேட்டபோது திகைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டுக் காசை டெபாசிட்டாகக் காட்டலாமா?

சீட்டு எடுத்து ஒரே நாளில் 20,000 பவுண்ட் கணக்கில் விழுந்தால், எங்கிருந்து வந்தது என்று வங்கியும் லோயரும் கேட்பார்கள். கறுப்புப் பணத் தடுப்பு விதிப்படி அவர்கள் கேட்டே ஆக வேண்டும். கையில் வாங்கிய காசுக்குச் சான்று இல்லை. அதனால் சீட்டுக் கட்டுவதையும் எடுப்பதையும் வங்கிக் கணக்கு வழியாகச் செய்யுங்கள், மாதக் கட்டுகள் ஸ்டேட்மென்டில் தெரியட்டும். அப்படி இருந்தும் சிலர் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் முன்பே காசு கணக்கில் இருப்பது நல்லது. பெற்றோர் தருகிற காசு என்றால், திருப்பித் தரத் தேவையில்லாத அன்பளிப்பு என்று கடிதம் வேண்டும்.

காசு கொடுத்தால் டிஃபால்ட்டை அழித்துத் தருகிறோம் என்கிறார்களே?

கொடுக்காதீர்கள். பிழையானதை நீங்களே இலவசமாகத் திருத்தலாம். சரியானதை யாராலும் அழிக்க முடியாது.

மோர்ட்கேஜ் சம்மதம் வந்துவிட்டது. இனிப் பயமில்லைதானே?

சாவி கைக்கு வரும்வரை கவனம் வேண்டும். காசை விடுவிக்கும் முன் சில வங்கிகள் ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கும். புது வீட்டுக்கென்று சோபாவையும் டிவியையும் தவணையில் எடுக்க அந்த வாரங்களில்தான் ஆசை வரும். வேலை மாறாதீர்கள், புதுக் கார்ட் கேட்காதீர்கள், யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். நாங்கள் சாவி வாங்கிய அன்று வெறும் தரையில் பாய் விரித்துத்தான் படுத்தோம். சோபா மூன்று மாதம் கழித்து, கைக்காசில் வந்தது.